பாராசிட்டமாலா, ஐபுப்ரோஃபெனா? கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எது?

தலைவலி, இடுப்புவலி என்றால் வீட்டில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். தாயின் வலிக்கு இரண்டுமே கேட்கும். வயிற்றுக் குழந்தைக்குத்தான் இரண்டும் ஒன்றல்ல.

ஐபுப்ரோஃபென், உடம்பில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரப்பதைத் தடுத்து வலியை அடக்குகிறது. குழந்தையின் ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் விலகிச் செல்ல இதயத்தருகே ஒரு குழாய் உண்டு. பிறக்கும்வரை அதைத் திறந்து வைத்திருப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். 30 வாரத்துக்கு மேல் இம்மாத்திரையால் அந்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கலாம். அடுத்தது சிறுநீரகம். பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே. இம்மாத்திரையால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் அந்த நீரும் குறையும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி ஊறும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில் தவிர்க்க வேண்டிய வாரத்தை 30-லிருந்து 20-க்கு இறக்கியது இதனால்தான். டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் இரண்டும் இதே குடும்பம்.

ஆகவே பாராசிட்டமால்தான். முதலில் 500 மி.கி. போதுமா என்று பாருங்கள். தேவைப்பட்டால் 1 கிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளியில். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ அளவு இன்னும் குறையும். தவறு நடப்பது அட்டையின் பின்புறத்தைப் படிக்காததால். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், கணக்கு இரட்டிக்கும். பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபெனோ அசிக்ளோஃபெனாக்கோ சேர்த்த கூட்டு மாத்திரைகளும் உண்டு.

ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபென் குடும்பம்தான். ஆனால் அதில் ஒரு விலக்கு: ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க மருத்துவர் தரும் 75 முதல் 150 மி.கி. அளவு. பயந்துபோய் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிக்காகப் போடும் 300 மி.கி. கதையே வேறு.

நெஞ்செரிச்சலுக்குச் சமையல் சோடாவைவிட கால்சியம் கார்பனேட்டோ ஆல்ஜினேட்டோ மேல். சோடாவில் உப்புச்சத்து அதிகம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இவற்றுக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்; சூடோஎஃபெட்ரின் ரத்த நாளங்களைச் சுருக்கும். முன்பு சிறுநீர்த் தொற்றுக்கு வாங்கி மிச்சமிருக்கும் நைட்ரோஃபுரன்டாயினை பிரசவம் நெருங்கும்போது எடுக்கக் கூடாது: பிறக்கும் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம்.

தலைவலியோடு கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, முகம் திடீரென வீங்கினாலோ எந்த மாத்திரை என்று யோசிக்க நேரமில்லை. அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே மருத்துவமனை.