இருபது வருடம் கேட்ட பிறகு என் ஐந்து அல்பங்கள்

ஒரு அல்பம் நல்லதா என்று முதல் மாதத்தில் தெரியாது. எனக்கு அது விளங்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. 2003இல் கையில் கிடைத்த ஒரு கசற்றில் தொடங்கி இன்று தொலைபேசி வரைக்கும் றொக், மெற்றல் அல்பங்கள் நூற்றுக்கணக்கில் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் முதல் பாட்டைப் போட்டால் கடைசிப் பாட்டு முடியும்வரை இடையில் கை வைக்காமல் கேட்கக்கூடியவை எவை? என் வரிசைக்கு அந்த ஒரு கேள்விதான் அளவு. எது உலகப் புகழ், எது அதிகம் விற்றது என்பதெல்லாம் இதற்குள் வராது.

அந்த முதல் கசற்றைப் பெரியம்மாவின் மகன் கத்தாரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தார். கொப்பி அடித்த 60 நிமிடக் கசற், மேலே நீல மையில் கையெழுத்து. மெற்றாலிக்கா என்ற குழுவின் 'மாஸ்டர் ஒஃப் பப்பெற்ஸ்', 1986இல் வந்தது. எட்டுப் பாட்டு, 55 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒழுங்காக அடித்திருந்தால் பக்கத்துக்கு நாலு பாட்டாக அளவாக அடங்கியிருக்கும். ஆனால் கொப்பி அடித்தவர் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் நாடாவைச் சும்மா ஓடவிட்டிருந்தார். அதனால் கடைசிப் பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அறுந்துபோகும். அதைக் கேட்கப் பிடிக்காமல் அதற்கு முந்திய 'ஒரையன்' முடிந்ததும் நிறுத்திவிடுவேன். அந்தக் கசற் இருந்தவரை எனக்கு அந்த அல்பம் 'ஒரையன்' பாட்டோடுதான் முடிந்தது.

'ஒரையன்' எட்டரை நிமிடம், அதில் பாடுகிற குரலே கிடையாது. நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கி, பேஸ் கிற்றார் மட்டும் மெதுவாக நடக்கத் தொடங்கும் ஓரிடம் இருக்கிறது. அதை வாசித்த கிளிஃப் பேர்ட்டன், அல்பம் வந்து ஏழு மாதம் ஆகமுன்னமே, 1986 செப்டெம்பர் 27இல் சுவீடனில் அவர்கள் போன பஸ் புரண்டு இறந்துபோனார். வயது 24. இது தெரியாமலே அந்த இடத்தை நான் எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். தெரிந்த பிறகு அடுத்த பாட்டுக்குப் போக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. இந்த அல்பம் எனக்கு இரண்டாம் இடம். முதலிடம் கொடுக்காததற்குக் காரணம் அந்தக் கடைசிப் பாட்டுத்தான். பிற்பாடு முழுதாகக் கிடைத்தும் அது இன்னும் எனக்கு வெளியாளாகவே இருக்கிறது.

அந்தக் கசற் இப்போது இல்லை. உயர்தரம் படிக்க மட்டக்களப்பில் கல்லடியில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன், கசற் பெட்டியும் அங்கேதான் இருந்தது. 2004 டிசம்பர் விடுமுறைக்கு நான் மண்டூருக்கு வந்திருந்தேன், மாமா குடும்பமும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடுதான் நின்றது. சுனாமியில் வீடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

மறுபடி தொடங்கியது சீடியில், அயன் மெய்டன் குழுவின் 'பவர்ஸ்லேவ்' அல்பத்தில். 1984இல் வந்தது. என் வரிசையில் இது முதலாவது. முதல் பாதியின் நடுவில் கொஞ்சம் தளர்வு இருப்பது உண்மை, பாடல் இல்லாத அந்த வாத்திய உருப்படி அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் கையைப் பொத்தானில் வைக்கத் தோன்றாது, ஏனென்றால் கடைசியில் என்ன வரப்போகிறது என்று தெரியும். 13 நிமிடம் 45 வினாடி ஓடும் 'றைம் ஒஃப் தி ஏன்ஷன்ற் மரைனர்'. கோல்றிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1798இல் வெளியிட்ட நீண்ட கவிதையை வைத்து, பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியது. கலியாண வீட்டுக்குப் போகிறவனை மறித்து ஒரு கிழட்டு மாலுமி தன் கதையைச் சொல்கிறான். கப்பலுக்கு நல்லது செய்த பறவையைக் கொன்றுவிட்டான். காற்று நின்றுபோகிறது, கப்பல் அசையவில்லை, சுற்றிவர நீர், குடிக்க ஒரு துளி இல்லை. கூட வந்த மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராகச் செத்து விழுகிறார்கள். அந்த இடம் வரும்போது பாட்டும் அசையாமல் நின்றுவிடும். மரம் முனகுகிற சத்தம், தூரத்தில் பேஸ், ஒருவர் கதை சொல்கிற குரல். காற்று விழுந்த வாவியில் தோணியோடு நின்றவர்களுக்கு அந்த அமைதி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

பதின்மூன்று நிமிடப் பாட்டா என்று வெளியூர் நண்பர்கள் மலைப்பார்கள். எங்கள் பக்கத்தில் வடமோடிக் கூத்து என்றால் விடியவிடிய. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கோயில் திறந்தால் நாட்கணக்கில் காவியம் படிப்பார்கள். மடியில் நித்திரையாகி, மத்தளச் சத்தத்துக்கு எழும்பி, திரும்பவும் நித்திரையாகி வளர்ந்த காதுக்கு இது நீளமே இல்லை.

என் பெரியப்பா கூத்து அண்ணாவியார், கூத்தைப் பழக்கி மேடையேற்றுகிறவர். ஒரு நாள் இரவு கரண்ட் இல்லை, முற்றத்தில் இருந்து தொலைபேசியில் இந்தப் பாட்டைப் போட்டேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கதை என்ன என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். பறவை செத்த இடத்தில் நான் நிறுத்த, "மறுகா என்ன நடந்த?" என்றார். அந்த அசையாத இடம் வந்தபோது முழங்காலில் தட்டிக்கொண்டிருந்த கையை அவரும் நிறுத்தினார். பாட்டு முடிந்ததும் சொன்னார், "ஆட்டத்த நிப்பாட்டிப்போட்டு ஆக்கள யோசிக்க உடுறான். நல்ல அண்ணாவிடா தம்பி இவன்." அதற்குப் பிறகு இந்த அல்பத்துக்கு முதலிடம் கொடுக்க நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மூன்றாவது பிளக் சபத். இங்கே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முதலில் நான் வைத்திருந்தது 1970இன் 'பரனோய்ட்', இப்போது வைத்திருப்பது அடுத்த வருடம் வந்த 'மாஸ்டர் ஒஃப் றியலிற்றி'. பேர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்த, அவர்களுடைய கிற்றார்காரர் டோனி ஐயோமிக்கு 17 வயதில், வேலையின் கடைசி நாளில், வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் எடுத்துவிட்டது. அவர் இடக்கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்தும் விரல்களே போய்விட்டன. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து, மெல்லிய தந்தி போட்டு வாசித்தார். இந்த மூன்றாவது அல்பத்தில் பல பாட்டுகளுக்குத் தந்தியையே மூன்று அரைச்சுரம் தளர்த்திவிட்டார். பறையடிக்கிறவர்கள் தோலை நெருப்பில் காய்ச்சி இறுக்கித்தான் சத்தத்தை எடுப்பார்கள். இந்த மனிதர் தளர்த்திப்போட்டு, நெஞ்சுக்குள் இறங்குகிற ஒரு சத்தத்தை எடுத்தார். பிறகு வந்த மெற்றல் முழுக்க அந்தத் தளர்வில் இருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். சின்ன ஒலிபெருக்கியில் இது விளங்காது. நானும் நல்ல ஹெட்போன் வாங்கிய பிறகுதான் 'பரனோய்ட்'டைக் கீழே இறக்கினேன்.

2025 ஜூலை 5 அன்று அவர்கள் நால்வரும் தங்கள் ஊரில், வில்லா பார்க் மைதானத்தில், கடைசித் தடவையாக மேடை ஏறினார்கள். பாடகர் ஓசி ஒஸ்பேர்ண் எழுந்து நிற்க முடியாமல் கதிரையில் இருந்து பாடினார். 17 நாளில் அவர் போய்விட்டார். அன்று இரவு இந்த அல்பத்தை இரண்டு தரம் கேட்டேன்.

நாலாவது பிங்க் ஃபுளொய்ட், 'விஷ் யூ வேர் ஹியர்', 1975. இதை நான் அடிக்கடி போடுவதில்லை. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பரற், மனம் பாதிக்கப்பட்டு விலகிப்போனவர். அவரை நினைத்து எழுதிய பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அவரே அங்கே வந்து நின்றார். உடம்பு பருத்து, தலையும் புருவமும் மழித்திருந்த அந்த ஆளைக் கூட்டாளிகளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. எங்கள் ஊர்களில் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. வந்த சிலரை நாங்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். அதனால் இது எனக்குத் தனியாக இருக்கும்போது மட்டும் கேட்கிற அல்பம்.

ஐந்தாவது, மேலே ஏறிக்கொண்டிருப்பது: சுவீடனின் ஓபெத், 'பிளக்வோட்டர் பார்க்', 2001. 67 நிமிடம். முதலில் கிடைத்தது மட்டமான எம்பி3, சிம்பல் சத்தம் மணல் கொட்டுவதுபோல் கேட்டது, மூன்று வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். நல்ல ஒலியில் கேட்டபோதுதான் இத்தனை அடுக்குகள் இருப்பது தெரிந்தது. பாடும் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் அடித்தொண்டையில் உறுமுவார், அதே பாட்டில் தாலாட்டுப்போலவும் பாடுவார். உறுமல்தான் பலரைத் துரத்திவிடுகிறது. சடங்கில் தெய்வம் ஆடுகிறவரின் குரலைக் கிட்ட நின்று கேட்டு வளர்ந்தவன் நான். சாதாரண மனிதரிடமிருந்து அப்படியொரு குரல் வருவதும், கொஞ்ச நேரத்தில் அவர் களைத்து மெல்லிய குரலில் தண்ணீர் கேட்பதும் எனக்குப் புதிதில்லை.

கீழே போனதையும் சொல்ல வேண்டும். மெற்றாலிக்காவின் 1991 கறுப்பு அல்பம் ஒரு காலத்தில் எனக்கு முதலிடம். இன்று ஐந்துக்குள் இல்லை. பாட்டுகள் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தூக்கிவிட்டாலும் மற்றதுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் மூன்று நாலு பாட்டோடு நிறுத்திவிடுகிறேன்.

ஆறாவதாக எந்நேரமும் கதவடியில் நிற்பது எங்கள் நாட்டுக் குழு, கொழும்பின் ஸ்டிக்மாட்டா, அவர்களுடைய 'சைலன்ட் கேயோஸ் சேர்ப்பன்டைன்' அல்பத்தோடு. அதை இன்னும் இரண்டு வருடம் கேட்க வேண்டும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ஓபெத்தில் தொடங்க வேண்டாம். 'பவர்ஸ்லேவ்'வை எடுங்கள், இரவில், ஒரே இருப்பில், பாட்டுகளை இடம் மாற்றாமல். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், போகிறவர்களாக இருந்தால், ஏறும்போது கடைசிப் பாட்டைப் போடுங்கள். பாதை கரை தட்டும்போது காற்று நின்ற அந்த இடம் தாண்டியிருக்கும், கதை முடிந்திருக்காது.