ஓட்டோ என்று சொல்லி வேறு மீனைத் தலையில் கட்டினார்கள், 2,640 ரூபாய் போச்சு

நேற்று விடிகாலை என் தொட்டியில் இருந்த ஆண் ராம் மீன் செத்துப்போனது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கே இன்னொருவர் அதே ஆளுக்குப் பணம் அனுப்பிவிடுவார்.

என்னுடையது இரண்டடித் தொட்டி, 54 லிட்டர்தான். அதில் ஒரு ஜோடி ஜெர்மன் புளூ ராம், 900 ரூபாய்க்கு வாங்கியது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்துகொண்டே இருந்ததால் பாசி தின்னும் மீன் தேடினேன். செல்போனில் குழு வைத்து, ஆம்னி பஸ் பார்சலில் மீன் அனுப்பும் ஒரு விற்பனையாளர் கிடைத்தார். தொட்டி எத்தனை அடி, ஹீட்டர் எத்தனை டிகிரி என்று அவரே கேட்டார். "சக்கர் மட்டும் போட்றாதீங்கண்ணா, ஒன்றரை அடி வளரும், உங்க தொட்டி தாங்காது. ஓட்டோசின்க்ளஸ் போடுங்க, ரெண்டு இஞ்சைத் தாண்டாது, ராமைத் தொடவே தொடாது" என்றார். அத்தனையும் சரியான பேச்சு. இவ்வளவு விவரம் தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன், அங்கேதான் விழுந்தேன். எட்டு மீன் 1,440, பார்சல் 300, உடனே அனுப்பிவிட்டேன்.

வந்த மீன்களுக்கும் உடம்பில் கறுப்புக் கோடு இருந்தது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன, பாசியும் தின்றன. மூன்றாவது வாரம் அந்தக் கோடு ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து தெரிய ஆரம்பித்தது. போட்டோ அனுப்பினால் "குட்டி ஓட்டோ அப்படித்தான் இருக்கும்ணா" என்றார். இரண்டரை மாதத்தில் மூன்று இஞ்ச் ஆகிவிட்டது, பாசியைச் சீண்டுவதே இல்லை. கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் என் உறவினர் போட்டோவைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார், இது சைனீஸ் ஆல்ஜி ஈட்டர், பத்து இஞ்ச் வரை வளரும், வளர வளரப் பாசியை விட்டுவிட்டுத் தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டி மேல்வழவழப்பை உறிஞ்சும் என்று.

அவர் சொன்னது நேற்று முன்தினம் ராத்திரி. காலையில் பிடித்து மாற்றலாம் என்று படுத்தேன். ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் ராமின் விலாவில் பட்டாணி அளவுக்கு வெளுத்த வட்டம், நீலப் புள்ளிகள் உரிந்து போய், மீன் சாய்ந்து கிடக்கிறது. பெண் ராமுக்கும் வால் பக்கம் அதே காயம். அதுவும் மத்தியானம் போய்விட்டது.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில் "உங்க தண்ணி சரியில்லை". அப்புறம் "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" அப்புறம் "செத்து வந்தாத்தான் பணம், ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்டா எப்படிண்ணா?" மீன் செத்தா வந்தது? நான் கேட்ட மீனே வரவில்லையே! அதைச் சொன்னதும் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். 2,640 ரூபாய். ஓட்டோவைப் பற்றி அவ்வளவு தெரிந்த ஆளுக்கு, தான் பையில் போட்டது என்ன மீன் என்று தெரியாதா?

பாசி மீன்களைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு வரவில்லை. இதை மட்டும் பாருங்கள். வாங்கும் முன் அந்த மீனையே வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். நீண்ட உடம்பு, செவுள் படபடவென்று அடிப்பது, வளைந்த கோடு இருந்தால் வேண்டாம். "டேங்க் கிளீனர்" என்று மட்டும் சொன்னால் வாங்காதீர்கள், பெயர் கேளுங்கள். 2,640 ரூபாய்க்கு நான் கற்றது இவ்வளவுதான்.

எட்டும் இப்போது பக்கெட்டில் ஏர் கல்லோடு இருக்கின்றன. காவிரியில் விடச் சொல்கிறார்கள், விட மாட்டேன். திருச்சிப் பக்கம் நான்கடித் தொட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்.