சிங்கர் ஹெவி டூட்டி 4423: ஆந்தை வேஷத்துக்கும் அன்றாட ஆல்டரேஷனுக்கும்

பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீனுக்கு வீட்டிலேயே வேஷம் தைக்கலாமா, அதற்காக ஒரு மெஷின் வாங்குவது சரியா என்று அக்டோபர் பிறந்ததும் தோழிகள் கேட்க ஆரம்பிப்பார்கள். என் பதில், வாங்குங்கள், ஆனால் வேஷத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வேஷம் ஒரு ராத்திரிக்கு. மெஷின் போட்ட காசை மீட்டுத் தருவது மற்ற நாட்களில்தான், பேன்ட் கால் மடிக்கும்போதும், ஊரிலிருந்து வந்த ப்ளவுஸைப் பிரித்து விடும்போதும், குர்த்தாவுக்குக் கை வைக்கும்போதும். இந்த இரண்டு வேலையையும் வைத்துத்தான் சிங்கர் ஹெவி டூட்டி 4423 பற்றி எழுதுகிறேன்.

முதலில் மெஷினைப் பற்றி. சிங்கர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூவேலை போட்ட இரும்பு மெஷின். இது அது இல்லை. வெளிக்கூடு பிளாஸ்டிக், உள்ளே உலோகச் சட்டகம், துணி நகரும் தளம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெயர் 1851ல் தொடங்கிய அதே சிங்கர்தான், ஆனால் இன்று பாஃப், ஹஸ்க்வர்னா வைகிங் ஆகிய பெயர்களோடு சேர்த்து எஸ்விபி வேர்ல்ட்வைட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மொத்தம் 23 தையல்: அடிப்படைத் தையல் 6, இழுபடும் துணிக்கு 4, அலங்காரத்துக்கு 12, காஜாவுக்கு, அதாவது பட்டன் துளைக்கு 1. வேகம் நிமிடத்துக்கு 1,100 தையல் வரை. திரை கிடையாது, பட்டன் கிடையாது, எல்லாமே கையால் திருப்பும் குமிழ்கள்தான். இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தையல் நீளத்தையும் இழுவிசையையும் கையால் கூட்டிக் குறைக்கும்போதுதான் எதை மாற்றினால் துணியில் என்ன மாறுகிறது என்பது புரிகிறது. ஊரில் மிதி மெஷினில் பழகியவர்களுக்கு இது சட்டென்று கைக்கு வந்துவிடும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மின்னசோட்டாவில். இங்கே ஹாலோவீன் என்றால் குளிர். 1991ல் அக்டோபர் 31ஆம் தேதி தொடங்கிய பனிப்புயல் மினியாபொலிஸ் பக்கம் மொத்தம் 28.4 அங்குலம் பனியைக் கொட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது, இன்றும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்வார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் பெரும்பாலும் பிள்ளைகள் கோட் போட்டுக்கொண்டுதான் வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போக வேண்டியிருக்கும். கடையில் பொட்டலமாக விற்கும் வேஷங்கள் மெல்லிய பாலியஸ்டரில், உடம்பை ஒட்டினாற்போல வருகின்றன. கோட்டுக்கு மேல் போட்டால் ஜிப் ஏறாது, கோட்டுக்கு உள்ளே போட்டால் வேஷமே தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வீட்டில் தைப்பதன் பக்கம். அளவெடுக்கும்போது குழந்தைக்குக் கோட்டைப் போட்டுவிட்டு அதன் மேல் டேப் வைத்து எடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மகளுக்கு நான் தைத்தது ஆந்தை. ஊரில் ஆந்தை அலறினால் ஆகாது என்பார்கள், இங்கே பிள்ளைகளுக்கு அது செல்லப் பறவை. மெத்தென்று கதகதப்பாக இருக்கும் ஃப்ளீஸ் துணி பெரும்பாலும் 60 அங்குலம் அகலத்தில் கிடைக்கும், ஒன்றரை கெஜம் போதும். குறுக்கே இரண்டாக மடித்தால் 27 அங்குலம் நீளம் வரும், ஆறேழு வயதுக் குழந்தைக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை சரியாக இருக்கும். மடிப்பின் நடுவில் கழுத்து வெட்டி, முன்னால் ஒரு திறப்பு விட்டு, கீழ்ப்பக்கத்தை அரைவட்டமாக வளைத்து வெட்டினால் கையை விரிக்கும்போது சிறகு மாதிரியே விரியும். ஃப்ளீஸ் ஓரம் பிரியாது, அதனால் கீழே மடித்து அடிக்கும் வேலையே கிடையாது. தலைக்குத் தனியாக ஒரு தொப்பி, அதில் ஃபெல்ட்டில் வெட்டிய இரண்டு பெரிய வட்டக் கண், நடுவில் ஒரு முக்கோண மூக்கு, அவ்வளவுதான்.

இறகுகளுக்கு நான் துணியே வாங்கவில்லை. வருஷம் முழுக்க ஜீன்ஸ் கால் மடிக்கும்போது வெட்டி எடுத்த துண்டுகள், கழுத்துக் காலர் தேய்ந்துபோன சட்டைகள், சாயம் போன சுடிதார் டாப், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். ஜீன்ஸ் துணி ஓரத்தில் நூல் பிரிந்து வெள்ளையாகத் தொங்கும், சட்டைக்கு அது குறை, இறகுக்கு அதுதான் அழகு. ஒவ்வொரு இறகாக வெட்டித் தைத்துக்கொண்டிருந்தால் தீபாவளி வந்துவிடும். நான்கு அங்குலம் அகலத்தில் நீளமான பட்டையாக வெட்டிக்கொண்டு, மேல் ஓரத்தை நேராக விட்டு, கீழ் ஓரத்தை மட்டும் வளைவு வளைவாக வெட்டுங்கள். ஒரு பட்டை, ஒரே ஓட்டத்தில் ஒரு வரிசை இறகு. தைக்கத் தொடங்குவது எப்போதும் கீழ் வரிசையிலிருந்து, அப்போதுதான் அடுத்த வரிசை முந்தைய தையலை மூடிக்கொண்டே மேலே போகும், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குவது போல. ஜீன்ஸ் பட்டையைக் கீழே இரண்டு வரிசைக்கு மட்டும் வைத்தேன், எல்லா வரிசைக்கும் வைத்தால் கனத்தில் குழந்தையின் தோள் வலிக்கும்.

மெஷினின் அருமை தெரிந்தது இந்த இடத்தில்தான். அடியில் இழுபடும் ஃப்ளீஸ், மேலே இழுபடாத ஜீன்ஸ். சாதாரணமாக இப்படி இரண்டு துணியைச் சேர்த்தால் அடித்துணி நீண்டு அலை அலையாக நிற்கும். 4423ல் காலடியின், அதாவது ஊசிக்குக் கீழே துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தலைப்பகுதியிலேயே ஒரு குமிழ் இருக்கிறது. இந்த விலையில் வரும் பல மெஷின்களில் அது கிடையாது. அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தை அதிகபட்சமான 4 மில்லிமீட்டரில் வைத்து ஓட்டினேன், துணி படுத்த இடத்திலேயே படுத்திருந்தது. ஊசியை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். வெறும் ஃப்ளீஸுக்கும் டிஷர்ட்டுக்கும் முனை உருண்ட ஊசி வேண்டும், சிங்கரில் 2045 என்று போட்டிருக்கும். நெய்த துணிக்கு 2020. கனமான ஜீன்ஸுக்கு 100/16 அளவு. பலரும் மெஷினைக் குறை சொல்லும் தையல் தவறல்கள் ஊசியை மாற்றியதும் போய்விடுகின்றன, ஊசிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். ஃப்ளீஸ் தைத்து முடித்ததும் அடிநூல் இருக்கும் பாபின் மூடியைத் திறந்து பஞ்சைப் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள், நிறையச் சேரும். அப்புறம், ஃப்ளீஸ் மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். அது பாலியஸ்டர், உருகும். துணி உருகும் என்பதாலேயே, வாசலில் பூசணிக்காய்க்குள் நிஜ மெழுகுவத்தி எரியும் வீடுகளில் பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கழுத்துக்கு நாடா வைக்காமல் வெல்க்ரோ வைத்தேன், எங்காவது மாட்டி இழுத்தால் தானாகப் பிரிந்துகொள்ளும். முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒன்று தைத்தேன், இருட்டில் ரோடு கடக்கிற பிள்ளைகளுக்கு அது கண்டிப்பாக வேண்டும். முகமூடி வேண்டாம், கண்ணை மறைக்கும், முகத்துக்கு வண்ணம் பூசினால் போதும்.

துணியை வெட்ட வழிகாட்டும் காகித பேட்டர்ன் வாங்கித் தைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற கம்பெனிகளின் பேட்டர்ன் உறைகளில் போட்டிருக்கும் சைஸ் கடையில் வாங்கும் உடுப்பின் சைஸ் இல்லை. உறையின் பின்பக்கம் உள்ள மார்பு, இடுப்பு அளவைப் பார்த்து வெட்டுங்கள். தையலுக்கு விட வேண்டிய துணி பெரும்பாலும் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அது பேட்டர்னிலேயே சேர்ந்திருக்கும், மறுபடி கூட்ட வேண்டாம்.

துணி வாங்குவது இப்போது முன்பு போல் எளிதில்லை. துணியும் தையல் சாமானும் விற்ற ஜோஆன் கடைகள் 2025 மே மாதத்தோடு எல்லாமே மூடப்பட்டுவிட்டன. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம், துணியைத் தொட்டுப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத அம்மாவிடம் யோசனை கேட்டு வாங்கும் இடம் அது. அந்தப் பெயரைக் கைவினைப் பொருள் விற்கும் மைக்கேல்ஸ் வாங்கி, தன் கடைகளில் துணிப் பிரிவைப் பெருக்கி வருகிறது. ஹாபி லாபியில் ஃப்ளீஸும் ஃபெல்ட்டும் நன்றாகக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, அன்றாடத் துணிக்கு வருவோம். இங்கே எங்கள் பக்கம் ஒரு பேன்ட் கால் மடிக்கவே 15, 20 டாலர் கேட்கிறார்கள், தள்ளுபடியில் வாங்கின பேன்ட்டின் விலையே சில நேரம் அவ்வளவு இருக்காது. ஒரு கடையில் கொடுத்த பேன்ட் ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் வந்தது, கேட்டதற்கு உங்கள் கால் அப்படி என்றார்கள். அதற்கு மேல் வெளியே கொடுக்க மனசு வரவில்லை. இந்த மெஷின் சுமார் 200 டாலர் விலையில் கிடைக்கிறது. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் காசு வெகு சீக்கிரம் திரும்பிவிடும்.

ஜீன்ஸ் கால் மடிக்கும்போது பக்கத் தையல் வந்து சேரும் இடத்தில் துணி ஆறேழு மடிப்பாகத் தடித்து நிற்கும். எந்த வீட்டு மெஷினாக இருந்தாலும் அந்த மேட்டில் காலடி சாய்ந்து தையல் குட்டையாகும். அதே தடிமனுக்கு ஒரு துணித்துண்டை மடித்துக் காலடியின் பின்பக்கம் அடியில் செருகுங்கள், மட்டமாகிவிடும், பிறகு மெல்ல ஓட்டுங்கள். பழைய ஓரத் தையலை அப்படியே வைத்துக்கொண்டு உள்பக்கம் பிடித்துத் தைத்தால் மடித்ததே தெரியாது. பக்கத்தில் உள்ள பெட்டியைக் கழற்றினால் மெஷின் மெல்லிய கையாகிவிடும், பேன்ட் காலையும் சட்டைக் கையையும் அதில் மாட்டிச் சுற்றித் தைக்கலாம்.

ஊரிலிருந்து வரும் குர்த்தியில் கைக்கான துணியைத் தனியாக உள்ளே வைத்து அனுப்புவார்கள் அல்லவா, அதை வைத்துத் தைக்க அரை மணி நேரம் போதும். ப்ளவுஸ் அதைவிடச் சுலபம். நம் ஊர் டெய்லர்கள் பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டு, இரண்டு மூன்று வரித் தையல் போட்டுத்தான் தருவார்கள், உடம்பு கூடினால் ஒரு வரியைப் பிரித்தால் போதும். இங்கே வாங்கும் ரெடிமேட் உடுப்புகளில் அந்தக் கரிசனம் கிடையாது. உள்ளே கால் அங்குலம் விட்டு, ஓரம் பிரியாமல் நூலைச் சுற்றும் ஓவர்லாக் அடித்து முடித்திருப்பார்கள், இறுக்கலாமே தவிர தளர்த்த வழியில்லை. அதனால் கடையில் சந்தேகம் வந்தால் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குங்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

காஜா அடிப்பது இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. காலடியின் பின்பக்கம் பட்டனை வைத்தால் அதன் அளவுக்கே மெஷின் காஜா போட்டுவிடும். ஓவர்லாக் இதில் வராது, ஆனால் ஜிக்ஜாக் போட்டால் வீட்டுத் துணிக்கு அது தாங்கும்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனிக் குமிழ் இல்லை, எல்லாம் பெடலில் வைக்கும் காலைப் பொறுத்தது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தைக்கக் கற்றுக்கொடுக்க நினைத்தால் பிரதர் கம்பெனியின் சிஎஸ்6000ஐ (CS6000i) மாடலைப் பாருங்கள். அதில் வேகத்தை நகர்த்திக் குறைக்கலாம், பெடல் இல்லாமலே பட்டனை அழுத்தி ஓட்டலாம், 60 தையல் வேறு. ஜீன்ஸ் வேலையும் கனத்த துணியும்தான் அதிகம் என்றால் இதே சிங்கரில் 4452 இருக்கிறது, 32 தையல், கூடவே மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் காலடியும், மேட்டுக்கு அடியில் செருகும் தகடும் வருகின்றன. இரண்டுக்கும் விலை வித்தியாசம் குறைவாக இருக்கும் நாளில் 4452 வாங்குவதே மேல்.

இங்கே வாங்கி ஊருக்கு அம்மாவுக்கோ அத்தைக்கோ கொண்டுபோக நினைப்பவர்கள் கவனிக்கவும். அமெரிக்காவில் விற்கும் இந்த மெஷின் 120 வோல்ட்டில் ஓடுவது. ஊரில் 230 வோல்ட் ப்ளக்கில் நேராகச் சொருகினால் மோட்டார் எரிந்துவிடும். பின்னுக்கு அடாப்டர் மாட்டினால் மட்டும் போதாது, வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கனமும் ஆறரை கிலோவுக்கு மேல். அதற்குப் பதில் ஊரிலேயே ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள், ரிப்பேருக்கும் பக்கத்தில் ஆள் இருப்பார்கள்.