வங்கி வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கூகுளில் ‘வங்கி’ என்று தட்டினால் லாக்கர் வாடகையும் நகைக்கடன் வட்டியும் வந்து நிற்கும். ராமநாதபுரம் நகைக்கடையில் அதே சொல்லைச் சொன்னால் மேல்கைக்குப் போடும் நகையையும் காட்டுவார்கள், வங்கி மோதிரத்தையும் காட்டுவார்கள். இரண்டுக்கும் பொதுவானது நடுவில் கூரை முகடுபோல் எழும்பும் அந்தக் கூர்தான். ஆக, இன்றைய கடைப் பேச்சில் வங்கி என்பது வடிவத்தின் பெயர். உடம்பில் எந்த இடம் என்பதைச் சொல்லும் பழைய சொல் தோள்வளை. வடமொழி வழி வந்தது பாகுவலயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் நகைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. கேயூரம், அங்கதம் எல்லாம் சிற்பத்தையும் உற்சவர் அலங்காரத்தையும் பற்றிப் பேசுகிறவர்களின் சொற்கள். கடையில் கேட்டால் விழிப்பார்கள். நாகப் படம் வைத்தது நாகொத்து. ஆன்லைனில் ‘பாஜுபந்த்’ என்று வருவது பெரும்பாலும் கயிறு கட்டிய நேர்ப் பட்டை, கூர் இருக்காது. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு முகூர்த்தத்துக்கு முதல் நாள் பெட்டியைத் திறந்து திகைப்பது இதனால்தான்.

கூர் அழகுக்காக மட்டும் வைத்தது இல்லை. கையை மடக்கினால் மேல்கையின் முன்தசை புடைக்கும். நேர்ப் பட்டை அந்தப் புடைப்பின் குறுக்கே ஒரே கோட்டில் அழுத்தும். வங்கியின் இரண்டு கால்களும் சரிவாக இறங்குவதால் தசைக்கு நடுவில் இடம் கிடைக்கிறது. கூர் தோளைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் முழங்கை மடக்கும்போதெல்லாம் முனை குத்தும்.

அளவு எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, கையைத் தொங்கவிட்டு ஓர் அளவு, மடக்கி இறுக்கி இன்னோர் அளவு எடுங்கள். வங்கி இரண்டாவது அளவுக்குப் பொருந்த வேண்டும். முதல் அளவிலேயே முழுவட்டமாகச் செய்தால் இறுகும். ஜாக்கெட் கையின் மேல் போடுவதாக இருந்தால் அந்த ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். ஜரிகைக் கரையும் லைனிங்கும் சேர்ந்தால் சுற்றளவு கூடிவிடும். கடையில் மாட்டிப் பார்க்கும்போது இரண்டு கையையும் மாலை மாற்றுவதுபோல் தூக்குங்கள். சுண்டுவிரல் நுழையும் இடைவெளி அப்போதும் இருக்க வேண்டும். கையை இறக்கியதும் வங்கி முழங்கைக்குச் சரிந்து வரவும் கூடாது. பிரிவில் தோள் மெலிந்து தொடி (வளை) கழல்வதைத் திருக்குறள் ஒரே அதிகாரத்தில் மூன்று குறளில் சொல்கிறது. மடக்கிய கைக்கு மட்டும் பொருந்தும் மூடிய வளையத்துக்கு எந்தக் காலத்திலும் இதுதான் கதி.

அதனால் எந்த வங்கியை எடுத்தாலும் முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே நான்கில் ஒன்று இருக்கும்: பட்டுக் கயிறு, சங்கிலியும் கொக்கியும், கீலும் திருகாணியும், எலாஸ்டிக்.

இவற்றில் பட்டுக் கயிறுதான் முதலிடம். அளவு எப்படி மாறினாலும் ஒத்துழைக்கும், நைந்தால் கயிறு மட்டும்தான் செலவு. குறை ஒன்று: தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது, இன்னொரு கை வேண்டும். சங்கிலியில் கொக்கி மாட்ட மூன்று நான்கு வளையமாவது தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வளையம் என்றால் அது ஒரே அளவு. கொக்கியின் முனை உள்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டு நூலை இழுக்கும்.

கீல் வைத்தது பார்க்க உறுதி. ஆனால் இந்தக் கடற்கரைக்கு அதில் ஒரு வம்பு உண்டு. கவரிங் வகையில் உடல் பித்தளை, கீலுக்குள் போகும் ஊசி பல நேரம் எஃகு. உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் எஃகுதான் முதலில் துருப்பிடிக்கும். கீல் இறுகிப்போவது ஒரு பக்கம் இருக்கட்டும், வெண்பட்டில் துருக்கறை விழுந்தால் போகாது. கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் குடியிருப்பவர்கள் சின்ன காந்தம் ஒன்றைக் கீலில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம். எலாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதிதில் ரத்த ஓட்டத்தை இறுக்கும், பழகினால் தொளதொளத்துப் போகும். குழந்தைகளின் மாறுவேடப் போட்டிக்குப் போதும்.

தங்கத்துக்கு வருவோம். 22 காரட் மென்மையானது. பின்பக்கம் திறந்திருக்க, விரித்து மாட்டும் மாதிரியில் ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் இழுவிசை வந்து விழுவது நடுக் கூரில். அங்கே பற்றவைப்பு இருந்தால் மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும். லேசான எடையில் அச்சில் அழுத்திய தகட்டு வங்கி வாங்குகிறவர்கள் விரிக்கும் மாதிரியைத் தவிர்த்து, கயிறோ திருகாணியோ வைத்ததைக் கேட்கலாம்.

பில்லில் பார்க்க வேண்டியது கல் எடை. கெம்பு வைத்த வங்கியில் கல்லும், சில மாதிரிகளில் உள்ளே நிரப்பிய அரக்கும் தராசில் தங்கத்தோடு சேர்ந்து ஏறும். மொத்தம் 24 கிராம், கல்லும் அரக்கும் 5 கிராம் என்றால் தங்க விலை 19 கிராமுக்குத்தான். செய்கூலி, சேதாரம் போடும்போதும் இந்த நிகர எடையில்தான் போடுகிறார்களா என்று கேளுங்கள். மொத்த எடைக்குச் சேதாரம் போடுவது பழைய வித்தை. விற்கும்போது அந்த 5 கிராமைக் கழிக்க மட்டும் யாரும் மறப்பதில்லை. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 22கே916, ஆறு இலக்க எண்ணும் எழுத்தும் கலந்த ஹெச்யுஐடி என்னும் தனி அடையாள எண் மூன்றும் பொறித்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்யுஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். ஜோடியாக வாங்கினால் இரண்டிலும் தனித்தனி எண் இருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு கல்யாணம் மட்டும் பார்ப்பவர்களுக்கு வெள்ளியில் தங்க முலாம் பூசியதையே சொல்வோம். நாகர்கோவில் வடசேரி கோயில் நகை வேலைப்பாடு பரதநாட்டிய செட்டுகளில் பேர்போனது. புவிசார் குறியீடும் பெற்றது. முலாம் மங்கினால் மறுபடி பூசலாம். பித்தளை, செம்பு அடியில் இருக்கும் கவரிங்கில் முலாம் தேய்ந்த இடத்தில் தோல் பச்சையாகும். அக்குளுக்குப் பக்கத்தில் வியர்வை அதிகம் என்பதால் வங்கியின் உள்விளிம்பில்தான் முதலில் தெரியும். வாடகை செட் எடுப்பவர்கள் அந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள். விழுந்த கல்லை எண்ணிப் போட்டோ எடுத்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

இனி ராமேஸ்வரம் கோயில் தெருக்களின் சங்குக் கடைகள். இங்கே சங்கு வளை பழைய தொழில். வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளம் அகழாய்வில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் ‘சங்குத் தோள்வளை’ என்று யாராவது முழு வளையத்தை நீட்டினால் கணக்குப் போடுங்கள். 2.6 அளவு வளையலின் உள்விட்டம் சுமார் 6 செ.மீ., சுற்றளவு 19 செ.மீ. 26 செ.மீ. மேல்கைக்கு 8 செ.மீ.க்கு மேல் உள்விட்டம் வேண்டும். அந்த அகலத்துக்கு வெட்டுமளவு சங்கு எளிதில் அமையாது. சிலப்பதிகாரத்தில் மாதவியை அலங்கரிக்கும் இடத்தைப் பாருங்கள்: தோளுக்கு மணி பதித்த தோள்வளை, வால்வளை என்னும் வெண்சங்கு வளை முன்கைக்கு. எனவே மேல்கைக்கு வருவது சங்குச் சில்லுகளைக் கோத்த பட்டையாகத்தான் இருக்கும். அப்போதும் முதல் கேள்வி, கோத்தது நூலா எலாஸ்டிக்கா. சங்குதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள்; சுண்ணாம்புப் பொருள் நுரைக்கும், பிளாஸ்டிக் சும்மா இருக்கும். பார்த்ததும் துடைத்துவிடுங்கள், மெருகு போய்விடும்.

அதே கடைகளில் ‘நம்ம கடல் பவளம்’ பதித்த வங்கி என்றால் வாங்காதீர்கள். நகைக்கான செம்பவளத்தில் பேர்போனது மத்தியதரைக் கடல். மன்னார் வளைகுடாவில் இருப்பது திட்டுப் பவளப்பாறை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கவே கூடாதது. சொல்வது உண்மையென்றால் குற்றம், பொய்யென்றால் கண்ணாடி. முத்தும் அப்படியே: இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. வளர்ப்பு முத்தை வளர்ப்பு முத்தின் விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம்.

கழற்றியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் உள்பக்கத்தைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, தனித்தனி ஜிப் கவரில் போடுங்கள். ஜோடியை ஒரே கவரில் போட்டால் ஒன்றின் கூர் இன்னொன்றின் கல்லைக் கீறும். பட்டுக் கயிற்றை நகையோடு சேர்த்து மூடாதீர்கள். அதில் ஊறிய உப்புதான் அடுத்த கல்யாணத்துக்குள் முலாமைத் தின்னும்.