கர்ப்ஸ் நான்காம் பதிப்பின் வாள்சண்டை: நீண்ட நாள் ஆடினால் தெரிவது

கர்ப்ஸ் (GURPS) என்பது ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டம். 2004இல் வந்த அதன் நான்காம் பதிப்பின் சண்டை விதி, படிக்கும்போது சுலபம். மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை வாள் திறனைத் தாண்டாவிட்டால் அடி போகும். உடனே எதிராளி தடுக்க உருட்டுவார். வாளால் தடுக்கும் எண், திறனில் பாதியோடு 3. அந்தப் 'பாதி' என்ன செய்கிறது என்பது மாதக்கணக்கில் ஆடினால்தான் உறைக்கும்.

இருவருக்கும் திறன் 14 என்றால் தடுப்பு 10. ஒரு வீச்சு உடம்பில் பட வாய்ப்பு சுமார் 46 சதவீதம். பாத்திரத்தை வளர்க்கும் புள்ளிகளில் ஆளுக்கு 16 செலவழித்து இருவரும் 18க்கு ஏறினால் தடுப்பு 12. வாய்ப்பு 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும்! கைதேர்ந்தவர்கள் மோதினால் ஆட்டம் சவ்வாக இழுப்பது இதனால்தான்.

இதற்கு மருந்து விதியிலேயே இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை: ஏமாற்றுத் தாக்கு. நம் திறனில் 2 குறைத்தால் எதிராளியின் தடுப்பில் 1 குறையும். 18 உள்ளவர் 4 குறைத்து 14க்கு உருட்டட்டும். எதிராளிக்குத் தடுப்பு 10தான், பழைய 46 சதவீதம் திரும்பிவிடும். 17, 18 விழுந்தால் யாருக்கும் தோல்விதான். ஆகவே 16க்கு மேற்பட்ட திறனை இதுபோல் எதிலாவது செலவழிக்காவிட்டால் தாக்கும்போது அது வீண்.

ஒருவரை இருவர் சூழ்ந்தால் கணக்கே வேறு. ஒரே சுற்றில் அதே வாளால் இரண்டாம் முறை தடுக்க 4 குறையும். 12, 8 ஆகிவிடும்.

ஆயுதத் தேர்வில் கவசம்தான் பேசும். பலம் 12 உள்ளவரின் வாள்வெட்டு தரும் சேதம் ஒரு பகடை கூட்டல் 3. கதாயுதத்துக்குக் கூட்டல் 5. வெட்டுக்காயம் ஒன்றரை மடங்கு என்பதால் வெற்றுடம்பில் வாள் சராசரி 9.5, கதை 8.5. சங்கிலிக் கவசம் வெட்டில் 4 தின்னும், நசுக்கும் அடியில் 2 மட்டுமே. அங்கே வாள் 3.5, கதை 6.5. கவசத்தைக் கழித்த பிறகுதான் ஒன்றரையால் பெருக்க வேண்டும். அவசரத்தில் முதலிலேயே பெருக்கிவிட்டால் வாள் கவசத்தைக் கிழிப்பதுபோல் ஒரு பொய்த்தோற்றம் வரும்.

கதையின் விலையும் சிறிதல்ல: அந்தச் சுற்றில் அதால் தாக்கிவிட்டால் அதாலேயே தடுக்க முடியாது. கதை எடுப்பவர் கேடயத்திறனுக்கும் புள்ளி ஒதுக்கியே ஆகவேண்டும்.