ஓராண்டு எமர்ஜென்சி நர்சிங் டிப்ளமோவுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா?

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து ஒரு சிறிய மருத்துவமனையின் பொது வார்டில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் நைட் டூட்டியில், நெஞ்சுவலி என்று வந்தவர் டோக்கன் போடும் மேசைக்கு முன்னாலேயே சரிந்து விழுந்தார். கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், இருந்த நர்ஸ் அக்கா ஓடிவந்து தரையில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாற்று ஆளாக நான் உட்கார்ந்தேன். ஷாக் கொடுத்த பிறகு நாடி திரும்பியது. அன்று வீட்டுக்குப் போயும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஓட்டத்தில் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு அப்போதுதான் மனசு நிதானமாகிறது. என் இடம் கேஷுவாலிட்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஆசையை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. எமர்ஜென்சி அண்ட் ட்ராமா நர்சிங்கில் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ (நர்சிங் முடித்தவர்கள் மேற்கொண்டு படிப்பது), பெரிய மருத்துவமனையில் பயிற்சி, முடித்ததும் வேலை உறுதி. ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். "உன்னை மாதிரி சுறுசுறுப்பான பொண்ணுங்கதாம்மா கேஷுவாலிட்டிக்கு வேணும்" என்றார் அங்கே இருந்தவர். "நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா சார்?" என்று கேட்டேன். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த இரண்டு சான்றிதழ்களைக் காட்டி, "எல்லாம் கவர்மெண்ட் பதிவும்மா" என்றார். கிட்டே போய்ப் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. ஒன்று அறக்கட்டளைப் பதிவு, இன்னொன்று ஐ.எஸ்.ஓ. தரச் சான்று. இரண்டுக்கும் நர்சிங் படிப்பு நடத்தும் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை.

அம்மாவின் வளையலை அடகு வைத்து 85,000 ரூபாய் கட்டினேன். ரசீதில் 'நன்கொடை' என்று எழுதியிருந்தது. 'சரிபார்க்க' என்று சொல்லி ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பெரிய மருத்துவமனை என்றது 30 படுக்கை உள்ள ஒரு இடம். எமர்ஜென்சி என்று போர்டு மாட்டிய அறையில் 2 கட்டில், தாள் இல்லாத ஈ.சி.ஜி. மெஷின், சார்ஜ் நிற்காத டிஃபிப்ரிலேட்டர் (நெஞ்சில் ஷாக் கொடுக்கும் கருவி). நாங்கள் ஆறு பேர் 12 மணி நேர டூட்டி பார்த்தோம். ட்ரிப்ஸ் போடுவது, பில்லுக்கு அலைவது, டிஸ்சார்ஜ் ஃபைல் எழுதுவது, எல்லாம் வார்டு வேலை. சம்பளம் கிடையாது, ஏனென்றால் நாங்கள் 'மாணவிகள்'. இரவில் சம்பளம் வாங்கும் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்தான் இருப்பார். எங்களை வைத்துத்தான் அந்த மருத்துவமனை ஓடியது.

வந்தவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று சிவப்பு, மஞ்சள், பச்சையாகப் பிரிக்கும் முறை நம் அரசு மருத்துவமனைகளின் விபத்து சிகிச்சைப் பிரிவுகளிலேயே இருக்கிறது. அதை யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் கிராஷ் கார்ட்டில் (உயிர்காக்கும் மருந்து, கருவிகள் வைக்கும் தள்ளுவண்டி) உள்ளவற்றை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு வேறு இடத்தில் நானாகத் தெரிந்துகொண்டவை. ஒருநாள் இரவு வலிப்போடு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். குழந்தைக்குப் பொருந்தும் ஆக்சிஜன் மாஸ்க் அந்த அறையில் இல்லை. பெரியவர்களுக்கான மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு 108-க்காகக் காத்திருந்தோம். அந்தக் குழந்தை என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போன பணத்தைவிட அதுதான் என்னை வதைக்கிறது.

ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றவரைக் காப்பாற்றும் மேல்நிலைப் பயிற்சி) என்று ஒரே ஒரு பொம்மையை வைத்து அரை நாள் வகுப்பு நடத்தி, லேமினேட் செய்த அட்டை கொடுத்தார்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் உண்மையான சான்று மின்னணு அட்டையாக வரும். அதில் உள்ள எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டால் உங்கள் பெயர் வர வேண்டும். 2 வருடம்தான் செல்லுபடியாகும். எங்கள் அட்டையில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை.

வருடம் முடிந்து சென்னையில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். நர்சிங் சூப்பரிண்டெண்ட் மேடம் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கவுன்சில்ல கூடுதல் தகுதியா பதிவு பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டார். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் போய்க் கேட்டபோது, பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் ஒரிஜினலைக் கேட்டால், பாண்ட் (ஒப்பந்தப் பத்திரம்) இருக்கிறது, 50,000 கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பணம் வரவில்லை. ரசீதில் நன்கொடை என்று இருந்ததால் வாதாடவே வழியில்லாமல் போனது.

ஆகவே தங்கைகளே, பணம் கட்டுவதற்கு முன்னால் இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியான பட்டியலைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அதே படிப்புக்கு நேரே அந்தப் பெயர் இருக்க வேண்டும். எமர்ஜென்சி அண்ட் டிசாஸ்டர் நர்சிங், கிரிட்டிகல் கேர் நர்சிங், ஆபரேஷன் ரூம் நர்சிங் ஆகிய ஒரு வருட டிப்ளமோக்கள் உண்மையிலேயே இருக்கின்றன. பி.எஸ்சி. முடித்து அனுபவமும் உள்ளவர்களுக்குக் கிரிட்டிகல் கேரில் 2 வருட நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது. பயிற்சி தரும் மருத்துவமனைக்கு ஒரு மாலை நேரம் நேரில் போய், அங்கே டூட்டியில் இருக்கும் நர்ஸிடம் ஒரு நாளைக்கு எத்தனை எமர்ஜென்சி வருகிறது என்று கேளுங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் படிப்பின் பெயரும் 'கட்டணம்' என்ற சொல்லும் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

டிப்ளமோ இல்லாமலும் கேஷுவாலிட்டிக்குப் போகலாம். அந்த மேடம் என்னைச் சாதாரண ஸ்டாஃப் நர்ஸாகவே எடுத்து, மூன்று மாதம் ஐ.சி.யூ.வில் போட்டு, பிறகு எமர்ஜென்சிக்கு மாற்றினார். இப்போது அங்கேதான் இருக்கிறேன். டூட்டிக்குப் போனதும் முதல் வேலையாகக் குழந்தைகள் மாஸ்க் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

போன வாரம் அதே விளம்பரம் என் சித்தி மகளுக்கு வந்தது. நிறுவனத்தின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், போன் நம்பர் அதேதான்.