முனையம் பெரிது, வானம் சிறிது: தை மாதத்தில் ஊருக்குப் போய் வந்த அனுபவம்

துபாயில் இருக்கிற புதுக்கோட்டைக்காரனுக்கு ஊருக்குப் போவது என்றால் திருச்சிக்குப் போவதுதான். நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம், இறங்கினால் ஒரு மணி நேரத்தில் வீடு. ஆனால் பொங்கல், பெருநாள், பள்ளி விடுமுறை என்று கூட்டம் சேரும் நாட்களில் ஒருவழிக்குக் கேட்கிற பணத்தில், சாதாரண நாளில் போய்த் திரும்பியே வந்துவிடலாம். இந்தத் தையில் தங்கை மகளுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம். தாய்மாமன் போகாமல் முடியுமா? நேரடி டிக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு, இடையில் ஓர் ஊரில் மாறிச் சென்னைக்கு வரும் டிக்கெட்டை எடுத்தேன். திரும்பும்போது மட்டும் திருச்சியிலிருந்து நேரடி.

என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. திருச்சிக்கு டவுன் பஸ் ஏறுகிற மாதிரி ஏறி வருகிறான். கோலாலம்பூர்க்காரர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு மட்டும் ஏன் இந்த வசதி என்று கேட்டால் பலரும் ‘அங்கே மலிவு விலை விமானங்கள் அதிகம்’ என்பார்கள். அது பாதி பதில்தான்.

மீதிப் பதில் அரசுகளின் கோப்புகளில் இருக்கிறது. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் வானம் அந்த நாட்டுக்கே சொந்தம். அதனால் ஒரு நிறுவனம் நினைத்த ஊருக்கு விமானம் விட்டுவிட முடியாது. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து, எந்த ஊருக்கு, வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியாவும் துபாயும் 2014இல் எழுதிக்கொண்ட கணக்கு, ஒவ்வொரு தரப்புக்கும் வாரம் சுமார் 65,000 இருக்கை. அது எப்போதோ நிரம்பிவிட்டது. எமிரேட்ஸ் இந்தியாவில் 9 ஊர்களுக்குப் பறக்கிறது. கேரளத்தில் கொச்சி, திருவனந்தபுரம் என்று இரண்டு. தமிழ்நாட்டில் சென்னை ஒன்றே ஒன்று. கூடுதல் இருக்கை கொடுங்கள் என்று துபாய் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. டெல்லி அசையவில்லை.

தம்பியின் பக்கம் கதை வேறு. சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியான் நாட்டு விமான நிறுவனங்கள் இந்தியாவில் 18 சுற்றுலா ஊர்களுக்கு எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம் என்று இந்தியா முன்பே திறந்துவிட்டது. அந்தப் பதினெட்டில் திருச்சியும் உண்டு. மதுரை இல்லை, கோவை இல்லை. மீனாட்சி இருக்கிற ஊர் எப்படிச் சுற்றுலாப் பட்டியலில் விட்டுப்போனது என்று மதுரைக்காரர்கள்தான் கேட்க வேண்டும்.

டெல்லி சொல்லும் காரணத்தையும் பார்க்க வேண்டும். வளைகுடா நிறுவனங்கள் இந்தியப் பயணிகளைத் தங்கள் ஊருக்கு அள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் மாற்றி ஏற்றிவிடுகின்றன. அப்படியானால் இந்திய நிறுவனம் எப்போது நேரடியாக நெடுந்தூரம் பறந்து பிழைக்கும் என்பது கேள்வி. 2016இல் வந்த தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கையும் 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாடுகளுக்கும் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளுக்கும்தான் தாராளமாகக் கதவைத் திறந்தது. வளைகுடா அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. டெல்லியிலிருந்து நியூயார்க் போகிறவரை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் திருச்சியில் ஏறுகிற கொத்தனாரும் ஏசி மெக்கானிக்கும் துபாயோடு இறங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நியூயார்க்கில் என்ன வேலை? ஏர் இந்தியா வளர்வதற்கான செலவை அவர்கள் தலையில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய நகரங்களைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, திருச்சி, மதுரை, கோவை போன்ற ஊர்களுக்கு மட்டும் தனிக் கணக்கில் இருக்கை கொடுக்கலாம். ஆசியானுக்குச் செய்ததுதானே.

சரி, சென்னைக்கு வருவோம். இறங்கிய அன்று நடந்த பெட்டி விவகாரத்தைக் கடைசியில் சொல்கிறேன். மறுநாள் தூத்துக்குடி விமானம். டொரண்டோவிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகளும் என்னோடு வந்தார். உள்நாட்டு முனைய வாசலில் டிஜியாத்ரா கதவு, முகத்தைக் காட்டினால் திறக்கிறது. என்னிடம் ஆதார் இருந்ததால் போனில் முன்பே பதிந்து வைத்திருந்தேன். நின்ற நேரம் ஒரு நிமிடம் கூட இருக்காது. அக்காவிடம் கனடா பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டையும்தான். அதை வைத்துக்கொண்டு இந்தக் கதவுக்குள் போக முடியாது. அவர் நீள வரிசையில் நின்று, டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காவலர் புரட்டிப் புரட்டிப் பார்த்து முடித்து உள்ளே வருவதற்குள் நான் ஒரு காபியைக் குடித்து முடித்துவிட்டேன். “நான் பிறந்தது ராயப்பேட்டையிலடா” என்றார் அக்கா. கதவுக்கு அது தெரியாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இப்போதெல்லாம் உள்நாட்டு டிக்கெட் போட்டால், ரயிலிலும் ஒன்று போட்டு வைக்கிறார்கள். கல்யாண வீட்டிலேயே பார்த்தேன்: பாதிப் பேர் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தார்கள். காரணம் 2025 டிசம்பர். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரம் ஆக வேண்டும், இரவில் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைய வேண்டும் என்ற புதிய விதி, நவம்பர் 1 முதல் முழுசாக அமலுக்கு வந்தது. விதி திடீரென்று குதிக்கவில்லை. தேதி முன்பே தெரியும். ஆனாலும் நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோவிடம் போதிய விமானிகள் இல்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிற, அரசு உச்சவரம்பு போட்டது: 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், அதிகபட்சம் 18,000. இண்டிகோவுக்கு விதியில் பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கும் கொடுத்தது.

தூக்கக் கலக்கத்தில் இருக்கும் விமானியின் விமானத்தில் ஏற யாருக்கும் ஆசையில்லை, விதி நியாயமானது. ஒரே நிறுவனம் இருமினால் நாடே படுத்துக்கொள்கிறது என்பதுதான் கவலை. 2019இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023இல் கோ ஃபர்ஸ்ட் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. மிச்சம் இரண்டு பெரிய வீடுகள். புதிதாக யாராவது வரலாம் என்றால் விமானம் கிடைக்க வேண்டுமே. உலகம் முழுக்க ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் விமானங்கள் 17,000க்கும் மேல். இருக்கிற ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களிலும் பல, பிராட் அண்ட் விட்னி இன்ஜினில் 2023இல் தெரியவந்த உலோகக் கோளாறால் பழுதுபார்க்க முறை வரும் வரை நிறுத்திவைக்கப்பட்டன. சென்னையில் ஓடுபாதைக்குப் போகும் வழியில், ஓரமாக நின்ற ஒரு விமானத்தின் இன்ஜின் வாய்க்குச் சிவப்பு உறை மாட்டியிருந்தார்கள். ஜன்னல் பக்கம் இருந்த பையன் “அதுக்குக் காய்ச்சலாப்பா?” என்று அவன் அப்பாவைக் கேட்டான்.

நாங்கள் போனது ஏடிஆர், இறக்கைக்கு முன்னால் காற்றாடி சுழலும் சின்ன விமானம். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் இறங்கினால் 2025 ஜூலையில் திறந்த புது முனையம். சுமார் 450 கோடி ரூபாய், ஓடுபாதையும் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி நீண்டிருக்கிறது. ஏ320 தாராளமாக இறங்கலாம். அவ்வளவு பெரிய கூடத்தில் எங்கள் விமானத்துக் கூட்டம் ஒரு மூலையில் அடங்கிவிட்டது. கழிப்பறை சுத்தம், தண்ணீர் வந்தது, டாக்ஸிக்காரர்கள் மேலே விழவில்லை. நல்ல மதிப்பெண் போடலாம்.

உள்நாட்டுக் கட்டணம் ஏன் குறையவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் கேட்டார். இந்தியாவில் ஒரு விமான நிறுவனத்தின் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் எரிபொருள். விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை; மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி. தமிழ்நாட்டில் அது பல ஆண்டுகளாக 29 சதவீதம், நாட்டிலேயே அதிகமான விகிதங்களில் ஒன்று. சேலம் மாதிரி, சிறு ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்து ஊர்களில் மட்டும் 1 சதவீதம். ஓர் அரசு முனையம் கட்டுகிறது, இன்னோர் அரசு எரிபொருளில் எடுக்கிறது. கேட்டவர் சரக்கு லாரி வைத்திருப்பவர். டீசல் கதை தெரிந்தவர், சிரித்துக்கொண்டார்.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வரவிருக்கும் பரந்தூரைப் பற்றிப் பேச்சு வராத கல்யாணப் பந்தி இல்லை. 2025 ஏப்ரலில் கொள்கை அளவு ஒப்புதல் வந்துவிட்டது. ஏகனாபுரம் மக்கள் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று 2022இலிருந்து போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓசூரிலும் ஒன்று வரும் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு வரக் கூடாது என்று எழுதியிருக்கிறது. இது எப்படி முடியும் என்று பந்தி பரிமாறும் நேரத்துக்குள் யாராலும் தீர்க்க முடியவில்லை.

திரும்பியது திருச்சி வழி. புது முனையத்தைப் பற்றி நிறையப் படம் பார்த்திருப்பீர்கள், நேரிலும் அழகுதான். 1,100 கோடிக்கு மேல் செலவு, 2024 ஜனவரியில் பிரதமர் திறந்து, ஜூன் 11 முதல் விமானங்கள் இயங்குகின்றன. வருடத்துக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும். பழைய கட்டடத்தில் வெளியே ஆட்டோ நிற்கும் இடம் வரை வரிசை நின்றதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். விரைவுக் குடியேற்றச் சேவை 2025 செப்டம்பரில் இங்கும் வந்துவிட்டது. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டைக்காரர்களும் இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகையும் முகமும் ஒரு முறை பதிந்துவிட்டால் போதும். பாஸ்போர்ட்டை வைத்தால் கதவு தானாகத் திறக்கிறது. வளைகுடாக்காரர்கள் தவறாமல் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். நான் போன நேரம் அந்தப் பாதை காலியாகக் கிடந்தது, பக்கத்தில் முத்திரை வரிசை வளைந்து வளைந்து போயிற்று. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

குறை ஒன்றுதான், அது கட்டடத்தில் இல்லை. திருச்சியின் ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர். முழுச் சுமையோடு நெடுந்தூரம் போகும் பெரிய விமானங்களுக்கு அது போதாது. நீட்ட நிலம் வேண்டும், அந்தப் பேச்சு வருடக்கணக்கில் ஓடுகிறது. தூத்துக்குடியில் ஓடுபாதை நீளம், விமானம் சின்னது. திருச்சியில் கூட்டம் அதிகம், ஓடுபாதை குட்டை. இடையில் ஒரு நல்ல செய்தி: 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் உண்டு. கொழும்பு சுற்றாமல் ஊருக்குப் போக நினைக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கவனிக்கலாம்.

இப்போது பெட்டி. சென்னையில் பெல்ட் சுற்றி நின்றது. கயிறு கட்டி, மார்க்கரில் பெரிதாகப் பெயர் எழுதிய அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. என் பெட்டி வரவில்லை. மாறிய ஊரில் அது விமானம் மாறவில்லை. கல்யாணத்துக்கு வைத்திருந்த பட்டு வேட்டி, சட்டை, பிள்ளைகளுக்கு வாங்கியவை எல்லாம் அதில். மேசையில் இருந்த பையன், “சார், நாளைக்கு வந்துரும், நம்பரை மட்டும் குடுத்துட்டுப் போங்க” என்றான். போகாதீர்கள். பி.ஐ.ஆர். என்ற, பெட்டி வராததைப் பதியும் புகார்ப் படிவத்தை அங்கேயே எழுதி, எண் போட்ட நகலைக் கையில் வாங்காமல் வெளியே வந்துவிட்டால், பிறகு நீங்கள் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். நான் நின்று வாங்கினேன். அரை மணி நேரம் ஆனது.

பெட்டி புதுக்கோட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் தூத்துக்குடியில், கடையில் வாங்கிய வேட்டியோடு மணமேடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்த வேட்டி, சட்டை, செருப்பு, சவரப் பெட்டி எல்லாவற்றுக்கும் பில் வைத்திருக்கிறேன். சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரீல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009இல் சேர்ந்தது, அமீரகமும் உறுப்பு நாடு. பெட்டி தாமதமானால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். உடைந்து வந்தால் 7 நாள்தான். 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவ்வளவும் கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. நிரூபிக்க முடிந்த செலவுக்குத்தான் பணம். அதனால்தான் பில்.

கெடுவுக்குள் படிவ நகலையும் பில்களையும் சேர்த்து அனுப்பினேன். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள ஒரு தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்று பதில் வந்தது. கூப்பன் வேண்டாம், வேட்டிக்கான பணம் போதும் என்று எழுதியிருக்கிறேன். நேற்று இன்னொரு மின்னஞ்சல்: எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருக்கிறார்கள்.